இருக்கலாம், குடியிருக்கக் கூடாது

அயர்லாந்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போவதென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும். கடன் போட்டு இங்கே ஒரு சின்ன வீடு வாங்கிய புதிதில், அப்பாவைப் பார்க்கக் கொல்லிமலைக்குக் கிளம்பும்போது, கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்களே என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிக அன்பாகப் பேசினாள். வீடு காலியாக இருக்குமா என்று கேட்டாள். "இல்லையே, கட்டில், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் உள்ளேதான் இருக்கும்" என்றேன். பிறகு, சாமானைக் கேட்கவில்லை, உள்ளே யாராவது தூங்குவார்களா என்று கேட்டாள். நான் ஒருவன்தான், நானும் கிளம்புகிறேன் என்றேன். "அப்படியானால் எங்கள் கணக்கில் அது காலி வீடு" என்றாள். தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டுப் போக வேண்டும், வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்த்துவர வேண்டும் என்றும் சொன்னாள். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. சாவியைக் கொடுக்கிற அளவுக்கு ஒரு முகமும் இல்லை.

எங்கள் மலையில் வீட்டைக் காலி என்று சொல்லமாட்டோம். பானை காலியாகும், பை காலியாகும். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனவன் வீடு பூட்டியிருக்கும். திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனவன் வீடு பூட்டிக் கிடக்கும். 'இருக்கும்', 'கிடக்கும்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஆள் எவ்வளவு தூரம் போனான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நான் குண்டனி நாட்டுக்காரன்; கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஐ.டி.ஐ. படித்து எலக்ட்ரீஷியன் ஆகி, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் சில வருடம் இருந்துவிட்டு, அங்கிருந்து இங்கே வந்தவன். கல்யாணம் அமையவில்லை, முதலில் ஊர் ஊராகப் போனதால் தள்ளிப்போனது, பிறகு யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது இருப்பது மேயோ என்ற மாவட்டம், நாட்டின் மேற்குக் கரை. மழையும் கல்லும் ஆடும் நிறைந்த ஊர். எங்கள் கம்பெனிக்கு முக்கால்வாசி வேலை பழைய வீடுகளைப் புதுப்பிப்பது. அந்த வீட்டுக்காரர்களின் அப்பாவோ தாத்தாவோ அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியவர்கள். பேரப்பிள்ளைகள் அங்கிருந்து பணம் அனுப்பி, ஒருமுறைகூடப் படுத்திராத வீட்டைப் புதுசாக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போன வீடுகளுக்கு, என் ஊரை விட்டு வந்த நான் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுக்கிறேன். பல நாள் காலையிலிருந்து மாலைவரை அந்த வீடுகளுக்குள் நான் மட்டும்தான். ட்ரில் மெஷினை நிறுத்தினால் என் மூச்சு எனக்குக் கேட்கும்.

அப்படி ஒரு வீட்டில்தான் மைக்கேல் என்ற கிழவர் பழக்கமானார். பக்கத்து வயலுக்காரர். பாஸ்டனில் இருக்கும் வீட்டுக்காரருக்காக வாரம் ஒருமுறை வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போவது அவர் பொறுப்பு. வேலை நடக்கிற காலி வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் அப்படி ஒருவர் பெயரைக் கொடுத்தாக வேண்டுமாம். ஒருநாள் என் ஊரைப் பற்றிக் கேட்டார். அப்பா இறந்து, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றேன். "ஹூ இஸ் மைண்டிங் இட்?" என்று கேட்டார். மைண்ட் என்றால் ஆட்சேபணை என்றுதான் நான் படித்திருந்தேன். பூட்டிக் கிடப்பதில் யாருக்காவது ஆட்சேபணையா என்று கேட்கிறார் என நினைத்து, "நோபடி மைண்ட்ஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் மைண்ட் பண்ணுவது என்றால் பார்த்துக்கொள்வது என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் சொன்னது, "அதைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை" என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். திருத்த என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து வெள்ளையண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு மேல்காட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருப்பவர், எனக்குத் தூரத்து உறவு. போட்டோவில் வீட்டின் ஓட்டுக்கூரை நடுவில் குழிந்து, முதுகொடிந்த மாடு போல இருந்தது. கூடவே குரல் பதிவு: "தம்பி, அடுத்த மழைக்கு நிக்காதுங்க. ஓட்டப் பிரிச்சுப் போட்டர்றதா, இல்ல கட்டறதான்னு ஒரு முடிவு சொல்லுங்க." கட்டுவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. அதை என் அக்கா ராசம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

ஆவணியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அக்கா கட்டிக்கொண்டு போனது சேந்தமங்கலம். அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்குக் கட்டறே சாமி?"

"வந்து போனாத் தங்கறதுக்குத்தான்."

"வந்து போறதுக்கு இந்த ஊடு இல்லியா?"

"கடைசிக் காலத்துல வந்து இருக்கலாம்னு."

"நெசமா வந்துருவியா?"

குழம்பு நல்லாயிருக்கிறது என்றேன். அவள் மேலும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வேலைக்கு மேஸ்திரியைப் பிடித்தாயிற்று. பழைய மண்சுவர்கள் கெட்டியாக இருந்ததால் அவற்றை வைத்துக்கொண்டு, கூரையைப் பிரித்து, பின்னால் சமையலறையும் குளியலறையும் கான்கிரீட்டில் எழுப்பி, மாடியில் ஒரு அறை போடுவதாகத் திட்டம். நான் இல்லாதபோது மழை, தீ, திருட்டு என்று ஏதாவது ஆனால் என்ன செய்வது? அயர்லாந்தில் இத்தனை வருடம் வேலை செய்ததில், இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டில் ஆணி அடிக்கவே எனக்குக் கை வருவதில்லை. அக்கா தெருவிலேயே ஒரு ஏஜென்ட் இருந்தார். பைக், லாரி, ஆள் உயிர் எல்லாவற்றுக்கும் போடுகிறவர்.

"மலை மேல ஊட்டுக்குப் போடோணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க," என்றார். "குடியிருக்கற ஊடுங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் புதுசாக் கட்டறதா?"

"அதுவும் இல்லீங்க. பழைய ஊடு. பாதி இடிச்சு, பாதி வெச்சுக் கட்டறோம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆளு இருக்கற ஊட்டுக்கு ஒரு பாலிசி இருக்குதுங்க. புதுசா எழுப்பற கட்டடத்துக்கு ஒண்ணு இருக்குது. பழசும் இல்லாம புதுசும் இல்லாம, ஆளும் இல்லாம நடுவுல நிக்கறதுக்கு என்னத்தப் போடறதுங்க?"

வீட்டைத்தான் சொன்னார். எனக்கு என்னவோ என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

நான்கைந்து கம்பெனிகளிடம் கேட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டார். நான் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்தானது. ஒரு நிபந்தனை. வேலை முடியும்வரை வீட்டில் இரவும் பகலும் காவலுக்கு ஆள் இருக்க வேண்டும். ஆனால் யாரும் குடியிருக்கக் கூடாது.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன்.

அவர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "இருக்கலாமுங்க. குடியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

காவலுக்கு மேஸ்திரியே ஆள் கொண்டுவந்தார். ரஞ்சன், மினதி என்று ஒரு ஒடிசாக்காரத் தம்பதி. அவன் கம்பி கட்டுவான், அவள் கலவை சுமப்பாள். முன் அறையில் தகரம் போட்டுக் கொடுத்தால் அங்கேயே இருந்துகொண்டு வேலையும் பார்ப்பார்கள், காவலும் ஆயிற்று. மினதிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். வந்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்டாள். பலாமரத்தடியில் நன்றாகக் கிடைக்கும், வீட்டுக்குள் விட்டு விட்டுக் கிடைக்கும் என்று காட்டினேன். நானும் சிங்கப்பூரில் முதல் நாள் கேட்ட கேள்வி அதுதான். அவளுக்குத் தமிழ் பேச ஆசை. தெரிந்த பத்துப் பதினைந்து வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

நான் அயர்லாந்துக்குத் திரும்பி வந்தேன். இங்கே எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே விளக்கு வைக்கிற நேரம். யாரோ ஒருவருடைய காலி வீட்டில், கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டே என் வீட்டை வீடியோவில் பார்ப்பேன். மினதிதான் போனைத் தூக்கிக்கொண்டு காட்டுவாள். இன்றைக்கு இந்தத் தூண், இன்றைக்கு இந்த ஜன்னல். நாளாக நாளாகக் கட்டடம் தவிர மற்றதும் கண்ணில் பட்டது. இரண்டு மரத்துக்கு நடுவே துணிக்கொடி. பெயின்ட் டப்பாவில் துளசி. பின்பக்கத்து மண்சுவரில் மாட்டிய கண்ணாடி, அதன் ஓரத்தில் ஒட்டி வைத்த பொட்டுகள். வெள்ளையண்ணன் சம்சாரம் கொடுத்த கோழிக்குஞ்சு ஒன்று அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ரஞ்சன் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருக்க, அவள் அவனைத் திட்டிக்கொண்டே எனக்கு ஜன்னல் காட்டினாள். எனக்கு அவர்கள் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்படியே பேசிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது. என் வீட்டில் யாரோ யாரையோ திட்டிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. கூரை பிரித்த சுவர்களுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். காற்றில் பின்பக்கத்துத் தார்ப்பாய் கிழிந்து, மண்சுவர் மூன்று நாளாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு பிற்பகல் அது உட்கார்ந்துவிட்டது. விழும்போது சமையலறை ஜன்னலுக்கு மேல் புதிதாகப் போட்ட லிண்டல் உத்தரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சிமென்ட் மூட்டைகள் நனைந்து கல்லாயின. மினதி அப்போது தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள், ரஞ்சன் முன் அறையில். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேதி சொன்ன வெள்ளையண்ணனிடம் நான் முதலில் கேட்டது சுவரைப் பற்றியா ஆளைப் பற்றியா என்று இப்போது ஞாபகம் இல்லை. ஆளைப் பற்றித்தான் கேட்டிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன்.

கம்பெனியிலிருந்து இழப்பைப் பார்வையிட ஒருவர் சேலத்திலிருந்து வந்தார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போய் இறங்கியவருக்கு மினதி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்திருக்கிறாள். நல்ல மனிதர்தான். குடித்துவிட்டு, நீங்கள் இங்கே யார் என்று கேட்டிருக்கிறார். வெள்ளையண்ணன் கூட நின்றிருந்தார். நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். கேள்வி புரிந்ததில் மினதிக்கு ஒரே சந்தோஷமாம்.

"நம்மூடு சார்," என்றாளாம். "நாங்க இங்கதான் குடியிருக்கோம்."

வெள்ளையண்ணன் சம்சாரம் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். கம்பெனிக்காரர் துணிக்கொடி, துளசி, இடிபாட்டுக்குள் நசுங்கிக் கிடந்த ஸ்டவ், பாத்திரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வேலை நடக்கும்போது வீட்டைக் குடியிருப்பாகப் பயன்படுத்தியதால் இழப்பீடு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

பார்வையிட வந்தவரை நான் இங்கிருந்து போனில் பிடித்தேன். "அவங்க காவலுக்கு இருக்கறவங்க சார்," என்றேன்.

"காவலுக்கு இருக்கறவங்க துளசி நட்டு வெப்பாங்களா சார்?"

"சோறாக்கித் தின்னாத்தானே காவல் காக்க முடியும்?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அந்தம்மா வாயாலயே சொல்லிட்டாங்க. நான் வேற எப்படி எழுதறது?"

அன்று சாயந்திரமே ஏஜென்ட் கூப்பிட்டார். என் மேல் அக்கறை உள்ளவர், அதில் சந்தேகமில்லை. "ஒரு வழி இருக்குதுங்க. அவங்க உங்களுக்குத் தெரியாம உள்ள வந்து குடியேறிட்டாங்கன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். தப்பு உங்க மேல வராது. பணம் வந்துரும்."

"அவங்களுக்கு என்ன ஆகுமுங்க?"

"போலீஸ்ல ஒரு புகார் குடுக்கச் சொல்லுவாங்க. சும்மா பேருக்குத்தான். அதுங்க வடக்க இருந்து வந்தவங்க, அடுத்த வேலைக்குப் போயிருவாங்க. யாரு தேடப் போறாங்க?"

அக்காவுக்கும் அவர் சொல்லியிருந்தார். அவள் என்னை விடவில்லை. "அவ வாயக் கொஞ்சம் அடக்கியிருந்தா இந்த நட்டம் வருமா? எழுதிக் குடுத்துட்டுப் போ கண்ணு. நீ அங்க குளுருல நின்னு சம்பாரிச்ச காசு." அவள் சொன்னதிலும் பொய் இல்லை.

மறுநாள் வேலை செய்த வீடு கடற்கரையோரம். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு கம்பி இழுத்தேன். ஒரு தடவை, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். கொடுக்காவிட்டால் மாடி அறைக்கு வைத்திருந்த பணம்தான் விழுந்த சுவருக்குப் போகும். அந்த மாடியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருக்கிறேன். பிறகு அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். 'எனக்குத் தெரியாமல்' என்ற வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. தினமும் மத்தியானம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது எதை? அவர்கள் அங்கே குடியிருப்பதைத்தான். என் கண் முன்னால், என் சம்மதத்தோடு, எனக்குச் சந்தோஷம் கொடுத்துக்கொண்டு குடியிருந்தார்கள். சிங்கப்பூரில் பதினாறு பேர் படுத்த அறையில் யாராவது வந்து நீ இங்கே யார் என்று கேட்டிருந்தால், என் அரைகுறை இங்கிலீஷில் நான் என்ன சொல்லியிருப்பேன்? இதை யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்றால் கடலைத் தவிர அங்கே யாருமில்லை. சாயந்திரம் வேனில் ஏறியதும் போர்மன் நாள் எப்படிப் போனது என்று கேட்டார். "கிராண்ட்" என்றேன். எங்கள் ஊரில் கல்யாணம்தான் கிராண்டாக நடக்கும். இங்கே அந்த வார்த்தைக்கு, ஒன்றுமில்லை, விடு என்று அர்த்தம்.

ஏஜென்ட்டிடம் கடிதம் கிடையாது என்று சொன்னேன். மேஸ்திரியிடம் மாடி வேண்டாம் என்றேன். அக்காவிடம் சொன்னபோது, "உன்ற காசு, உன்ற இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு ரொம்ப நாள் அவள் கூப்பிடவே இல்லை. நான் கூப்பிட்டாலும், சாப்பிட்டாயா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் குளிர்காலம் எனக்கு நீண்டதாக இருந்தது.

மாசியில் வயரிங் வேலைக்கு நானே ஊருக்கு வந்தேன். என் வீட்டுக்குக் கரண்ட்டை வேறு ஒருவன் கொடுப்பதா? நேராக மலைக்கே போய்விட்டேன். மினதி சமையலறையில் இருந்தாள். அடுப்பு மேடையில் புது ஸ்டவ். அலமாரியில் வரிசையாகப் பாத்திரங்கள். அந்தப் பித்தளைச் சொம்பையும் நசுங்கிய மூடி போட்ட குண்டாவையும் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று கையில் எடுத்தேன். சேந்தமங்கலத்தில் பார்த்திருக்கிறேன்.

"ஏது இது?" என்று கேட்டேன்.

"அக்கா," என்றாள். "அக்கா பஸ்ல வந்து. மழை அப்போ. சாக்குல போட்டு." தலையில் சாக்கு சுமப்பது போலக் கை வைத்துக் காட்டினாள். "அக்கா ரொம்பத் திட்டி. அப்புறம் சோறு ஆக்கி."

நான் கடிதம் கொடுக்க மறுத்த ஒரு வாரத்துக்குள், என்னோடு பேசாமல் இருந்த நாட்களில், அக்கா சோளக்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி மழைச் சேற்றில் நடந்து வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நான் கேட்டபோதும், "பின்ன, பட்டினியாப் போட்டு வெப்பாங்களா?" என்று மட்டும் சொன்னாள்.

மினதிக்கு மேஸ்திரி மூலமாக எல்லாம் தெரிந்திருந்தது. ஸ்விட்ச் பெட்டிக்கு நான் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தபோது, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் கேட்டாள். "அண்ணா, நான் தப்பாப் பேசி?"

"இல்லம்மா. சரியாத்தான் பேசின."

"பணம் போச்சு."

"போச்சு."

டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு, "அந்த சார் கேட்டப்போ, வேற வார்த்தை எனக்குத் தெரியாது அண்ணா" என்றாள்.

வேறு எந்த வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. டார்ச்சைக் கொஞ்சம் மேலே பிடி என்றேன்.

வேலை முடிந்ததும் அவர்களுக்கு ராசிபுரம் பக்கம் அடுத்த கட்டடம். கிளம்புகிற காலையில் மினதி வீடு முழுவதும் கூட்டிக் கழுவிவிட்டு, பலாமரத்தடியில் நின்று மகளுக்கு வீடியோ போட்டு, அப்படியே உள்ளே நடந்து வீட்டை மூலை மூலையாகக் காட்டினாள். புது அலமாரி, புது ஜன்னல், நான் போட்ட ஸ்விட்சை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துக் காட்டினாள். அந்தச் சிறுமி என்னவோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று ரஞ்சனிடம் விசாரித்தேன். நாம் எப்போது அங்கே வருவோம் என்று கேட்கிறாளாம். மினதி துளசியைப் பெயின்ட் டப்பாவோடு தூக்கிக்கொண்டாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி ரஞ்சன் தோளில் வைத்துக்கொண்டான். கோழியை வெள்ளையண்ணன் வீட்டிலேயே விட்டார்கள். பஸ் வரும்வரை அவர்களோடு ரோட்டில் நின்றேன். பஸ் போனபின் திரும்பி நடந்தேன். அன்று பகல் முழுவதும் புது வீட்டில் நான் தனியாக இருந்தேன். சுண்ணாம்பு வாசனையும் ஈரச் சிமென்ட் வாசனையும் அடித்தது. பேசிப் பார்த்தால் எதிரொலித்தது. வேலை முடிந்துவிட்டதால் இனிச் சாதாரண வீட்டுப் பாலிசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆள் இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றேன். இன்னும் போடவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். மேயோவில் காலி வீடுகளுக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். முன் அறை விளக்குக்கு ஒரு டைமர் வைத்தேன். பொழுது சாய்ந்தால் தானாக எரியும், ஊர் அடங்குகிற நேரத்தில் தானாக அணையும். ஆள் இருப்பது போலத் தெரியட்டும், திருடன் வரமாட்டான் என்பது கணக்கு. சாவியை வெள்ளையண்ணனிடம் கொடுக்கும்போது இதைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் என் வீட்டு விளக்கு பல காடு தோட்டங்களுக்குத் தெரியும்.

இங்கே வந்து சேர்ந்த வாரம், மத்தியானம், ஒரு பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில் வாளி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளையண்ணன் போன் செய்தார்.

"தம்பி, நீங்க எங்க இருக்கறீங்க?"

"இங்கதானுங்க அண்ணா."

"இங்கன்னா? நான் உங்க ஊட்டு முன்னாலதான் நிக்கறேன். லைட்டு எரியுது. பயணம் நின்னு திரும்பி வந்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு கதவத் தட்டித் தட்டிக் கூப்புட்டுட்டு இருக்கறேன். எங்கூட்ல களி கிண்டியிருக்குது, சாப்புட வாங்கன்னு சொல்லலாம்னு வந்தனுங்க."

டைமரைப் பற்றிச் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப உள்ள ஆளு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"சாவி இருக்குது, அணைச்சுட்டுப் போவட்டுங்களா?"

"வேண்டாமுங்க. தானா அணைஞ்சுரும்."

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பூச்சிகள் கத்துவது கேட்டது, தூரத்தில் ஏதோ பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் வாத்தியார் வீட்டு ஜன்னலில் நல்ல வெயில்.

"செரிங்க தம்பி," என்றார். "வந்ததுதான் வந்தேன், வாசல்ல செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன். வெளிச்சம் வேற இருக்குது."